உள்ளூர் ஏழையும் தொலைதூர ஏழையும்: ஈகையில் யாருக்கு முன்னுரிமை?

ஈகையில் யாருக்கு முதலிடம் என்ற கேள்வி, கொடுப்பவரிடம் இருப்பது அளவானது என்பதால் எழுகிறது. கையில் மிஞ்சிய ஆயிரம் ரூபாயை அடுத்த தெருவில் வாடகை கட்ட முடியாமல் தவிக்கும் குடும்பத்துக்குத் தருவதா, கடல்கடந்த நாடு ஒன்றில் பசித்திருக்கும் முகம் தெரியாத குடும்பத்துக்கு அனுப்புவதா? முதலில் அக்கம்பக்கம், பிறகுதான் மற்றவர் என்பதே பெரும்பாலான சமூகங்கள் வழக்கமாகச் சொல்லிவந்த விடை. ‘தனக்கு மிஞ்சித்தான் தானம்’ என்ற பழமொழி கொடுப்பவரை நடுவில் நிறுத்துகிறது. இந்த விடை அவரைச் சுற்றிக் குடும்பம், ஊர், நாடு, உலகம் என்று வளையங்களை வரைகிறது. பெற்ற பிள்ளைக்குச் சோறு போடுவது கடமை. அது ஈகைக் கணக்கில் சேராது. விவாதத்துக்குரியது ஊராருக்கும் தொலைநாட்டாருக்கும் இடையிலான வரிசைதான்.

இந்த வரிசை உருவான காலத்தில் கொடுப்போரும் பெறுவோரும் ஒரே ஊரில் வாழ்ந்தார்கள். செல்வம் ஓரிடத்திலும் வறுமை வேறிடத்திலும் குவியத் தொடங்கியபோதெல்லாம் விதி தடுமாறியிருக்கிறது. அதன் நியாயத்தை எடைபோட வேண்டுமானால் இந்தத் தடுமாற்றத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

சமய மரபுகள் வகுத்த வரிசை

பாபிலோனியத் தல்மூத் தன் வீட்டு ஏழை, தன் ஊர் ஏழை, வேற்றூர் ஏழை என்று படிவரிசை வகுக்கிறது. இஸ்லாத்தில் ஜகாத் விதிகளுக்கு அடிப்படையான நபிமொழிகளில் ஒன்று, முஆத் என்ற தோழர் யமனுக்கு அனுப்பப்பட்டபோது சொல்லப்பட்டது. அந்த மக்களின் செல்வர்களிடம் பெற்று அவர்களின் ஏழைகளுக்கே கொடுக்க வேண்டும் என்பது அதன் கருத்து. இதை வைத்து ஷாஃபி சட்டப் பள்ளி, உள்ளூரில் தகுதியுள்ளவர் இருக்கும்வரை ஜகாத் வெளியூர் போவதை ஏற்பதில்லை. ஹனஃபி பள்ளி அதை விரும்பத்தகாதது என்று சொல்கிறது. ஆனால் வெளியூர்க்காரர் உறவினராகவோ கூடுதல் வறுமையில் உள்ளவராகவோ இருந்தால் விலக்குத் தருகிறது. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் ஷாஃபி வழியும் உள்நாட்டு ஊர்களில் ஹனஃபி வழியும் மிகுதி என்பதால், தமிழ்நாட்டுக்குள்ளேயே இரண்டு விடைகளும் புழக்கத்தில் உள்ளன.

கிறிஸ்தவ மரபில் அகஸ்டின் 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் தந்த விளக்கம் கூர்மையானது. எல்லா மனிதரும் சமமாக நேசிக்கப்பட வேண்டியவர்களே. ஆனால் எல்லோருக்கும் உதவ ஒருவரால் இயலாது. அதனால் இடமும் காலமும் யாரைத் தன் அருகில் கொண்டுவந்து சேர்த்ததோ அவரை, சீட்டு விழுந்ததுபோல் எண்ணிக் கவனிக்க வேண்டும் என்பது அவர் வாதம். அருகில் இருப்பவர் கூடுதல் மதிப்புள்ளவர் என்று அகஸ்டின் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவருக்கு அருகாமை ஒரு நடைமுறை ஏற்பாடுதான். சீனாவில் இதே கேள்வி அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இரு பள்ளிகளைப் பிரித்தது. எல்லோரிடமும் பாகுபாடற்ற அக்கறை வேண்டும் என்றது மோசியின் பள்ளி. அன்புக்குப் படிநிலை உண்டு, அது பெற்றோரிடம் தொடங்குகிறது என்றார் கன்பூசியப் பள்ளியின் மென்சியஸ்.

திருக்குறளின் ஒப்புரவறிதல் அதிகாரத்தில் கொடுக்கும் செல்வருக்கு உவமையாக வருபவை ஊர் நீருண்ணும் குளம், ஊர் நடுவே பழுத்த மரம், எல்லா உறுப்பும் மருந்தாகும் மரம். முதல் இரண்டும் ஊருக்குள் இருப்பவை. ஊரார் நடந்துபோய் எடுத்துக்கொள்ளக்கூடியவை. ஊருணியே இல்லாத ஊர் என்ன செய்யும் என்பதை இந்த உவமைகள் பேசுவதில்லை.

சட்டமான அண்டைவீட்டு விதி

‘அருகிருப்போர் முதலில்’ என்ற கொள்கை ஒரு நாடு முழுவதும் சட்டமாக நடைமுறைக்கு வந்தது இங்கிலாந்தில். 1601ஆம் ஆண்டின் ஏழையர் சட்டப்படி, பாரிஷ் எனப்படும் ஒவ்வொரு திருச்சபை வட்டாரமும் தன் ஏழைகளைத் தானே காக்க வேண்டும். அதற்கான வரியை அந்த வட்டாரத்து வீடு, நில உரிமையாளர்களிடம் வசூலிக்க மேற்பார்வையாளர்கள் நியமிக்கப்பட்டனர். அக்காலத்துக்கு இது பெரிய சாதனை. உதவி கேட்பவர் யார், உண்மையிலேயே நோயாளியா, பிள்ளைகள் எத்தனை பேர் என்பதெல்லாம் கொடுப்பவருக்கு நேரடியாகத் தெரிந்திருந்தன.

விதியின் மறுபக்கம் விரைவிலேயே வெளிப்பட்டது. தன் ஏழைக்குத்தான் பொறுப்பு என்றால், யார் தன் ஏழை என்று வரையறுத்தாக வேண்டும். 1662ஆம் ஆண்டின் குடியமர்வுச் சட்டம், ஆண்டுக்கு 10 பவுண்டுக்குக் குறைந்த வாடகையில் குடிவந்தவரை 40 நாள்களுக்குள் சொந்த பாரிஷுக்குத் திருப்பி அனுப்ப வழி செய்தது. மணமாகாத தாய்க்குப் பிறக்கும் குழந்தை பிறந்த இடத்துக்கே உரியதாகக் கருதப்பட்டதால், நிறைமாதக் கர்ப்பிணிகளை எல்லைக்கு அப்பால் கொண்டுபோய் விடும் வேலையையும் பாரிஷ் அதிகாரிகள் செய்தார்கள். நிலவுடைமையாளர் ஒரு சிலரே இருந்த பாரிஷ்களில், கூலித்தொழிலாளர் குடியமர்வு உரிமை பெற்றுவிடக் கூடாது என்பதற்காக அவர்களின் குடிசைகள் இடிக்கப்பட்டன. அவர்கள் பக்கத்து ஊரில் நெருக்கியடித்துத் தங்கி, தினமும் நடந்துவந்து அதே நிலத்தில் வேலை செய்தார்கள். உழைப்பு ஒரு பாரிஷுக்கு, உழைப்பவரின் முதுமையும் நோயும் இன்னொரு பாரிஷுக்கு என்று ஆனது. அண்டையாருக்கு உதவும் சட்டம், யார் அண்டையாராக இருக்கலாம் என்பதைப் பணக்காரர் தீர்மானிக்கும் கருவியாக மாறிப்போனது வேதனையான வரலாறு. 1865இல் வந்த சட்டம் பல பாரிஷ்கள் சேர்ந்த ஒன்றியத்தின் பொதுச்செலவாக இந்தச் சுமையை மாற்றிய பிறகுதான் அந்தக் கணக்கு அடங்கியது.

நகரங்களில் அதே சிக்கல் பெரிய அளவில் திரும்ப வந்தது. கிழக்கு லண்டனின் துறைமுகப் பகுதியான பாப்லரில் 1921இல் வேலையின்மை தலைவிரித்தாடியது. அங்கே உதவி தேவைப்பட்டோர் அதிகம். வரி விதிக்கத்தக்க சொத்து குறைவு. வெஸ்ட்மின்ஸ்டர் போன்ற செல்வப் பகுதியில் நிலைமை நேர்மாறு. ஒரே நகரத்தில், தன் ஏழைக்குத் தானே பொறுப்பு என்ற விதியால், ஏழைகளே ஏழைகளைத் தாங்க வேண்டியிருந்தது. ஜார்ஜ் லான்ஸ்பரி தலைமையில் பாப்லர் நகராட்சிக் கவுன்சிலர்கள், லண்டன் மாவட்ட மன்றத்துக்கும் பிற பொது அமைப்புகளுக்கும் செலுத்த வேண்டிய பங்கை வசூலிக்க மறுத்தனர். 30 கவுன்சிலர்கள் சிறை சென்றார்கள். ஆண்கள் பிரிக்ஸ்டன் சிறைக்கும் பெண்கள் ஹாலோவே சிறைக்கும் அனுப்பப்பட்டனர். பாப்லர் நகராட்சிக் கூட்டமும் பிரிக்ஸ்டன் சிறைக்குள் நடந்தது. பெண் கவுன்சிலர்கள் அதற்காக அங்கே அழைத்துவரப்பட்டார்கள். ஏறக்குறைய ஆறு வாரங்களில் அரசு இறங்கிவந்தது. ஏழையர் உதவிச் செலவின் பெரும்பகுதியை லண்டன் முழுவதும் பகிர்ந்துகொள்ளும் சட்டம் அந்த ஆண்டிலேயே நிறைவேறியது. வெஸ்ட்மின்ஸ்டர்வாசிக்குப் பாப்லர்வாசி அண்டையார் என்று சட்டம் பெருமளவில் ஏற்றுக்கொள்ள, பக்கத்திலேயே இருந்தும், முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

இந்தியாவின் 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்திலும் இதே விதி இடம்பெற்றிருக்கிறது. 500 கோடி ரூபாய் நிகர மதிப்பு, 1,000 கோடி விற்றுவரவு, 5 கோடி நிகர லாபம் ஆகியவற்றில் ஒன்றை எட்டும் நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது 135ஆம் பிரிவு. நிறுவனம் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் அப்பிரிவு சொல்கிறது. ஆலைக் கழிவும் லாரிப் புழுதியும் தாங்கும் கிராமத்துக்கு ஆலையின் பணம் முதலில் போக வேண்டும் என்பதில் நியாயம் உண்டு. ஆனால் ஆலைகள் எங்கே இருக்கின்றனவோ அங்கேதான் இந்தச் சமூகப் பணிக்கான (சி.எஸ்.ஆர்.) பணமும் சேர்கிறது. மகாராஷ்டிரம், குஜராத், கர்நாடகம், தமிழ்நாடு ஆகியவை பெரும்பங்கைப் பெறுகின்றன. பீகாருக்கும் வடகிழக்கு மாநிலங்களுக்கும் சொற்பமே மிஞ்சுகிறது. வட்டார முன்னுரிமை வழிகாட்டுதல்தான், கட்டாயமில்லை என்று மத்திய நிறுவன விவகார அமைச்சகம் 2021இல் விளக்கம் தந்தது. பணத்தின் போக்கு அதனால் பெரிதாக மாறிவிடவில்லை.

தூரம் ஒரு காரணமா?

நாட்டெல்லையையும் தாண்டி இந்தக் கேள்வியை முன்வைத்தவர்களில் அதிகம் விவாதிக்கப்படுபவர் ஆஸ்திரேலியத் தத்துவவாதி பீட்டர் சிங்கர். 1970 நவம்பரில் கிழக்கு வங்கத்தைப் புயல் தாக்கி லட்சக்கணக்கானோர் மாண்டார்கள். அடுத்த ஆண்டு அங்கே நடந்த இராணுவ ஒடுக்குமுறையும் போரும் ஏறத்தாழ ஒரு கோடிப் பேரை அகதிகளாக இந்தியாவுக்குள் தள்ளின. அந்த நாள்களில் ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த சிங்கர் எழுதிய கட்டுரை 1972இல் வெளியானது. ஆழமில்லாத குளத்தில் ஒரு குழந்தை மூழ்குவதைக் காண்பவர், உடையில் சேறு படுமே என்று தயங்கக் கூடாது. அப்படியென்றால் குழந்தை பத்து கஜ தொலைவில் இருந்தாலும் பத்தாயிரம் மைல் தொலைவில் இருந்தாலும் கடமை ஒன்றே என்பது அவர் வாதம். அகதிகளுக்குப் பெரும்பாலான நாடுகளைவிட அதிகம் தந்த பிரிட்டனின் உதவி அப்போது 1 கோடியே 47 லட்சத்து 50 ஆயிரம் பவுண்டு. கான்கார்ட் விமானத் திட்டத்தில் திரும்பி வராது என்று தெரிந்தே அதே நாடு போட்ட பணம் 27 கோடியே 50 லட்சம் பவுண்டுக்கு மேல். இந்த இரண்டு எண்களையும் சிங்கர் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

அவர் எழுதாத ஒரு பக்கமும் உண்டு. அதே 1971 நவம்பர் 15 முதல், இந்தியாவில் அனுப்பப்பட்ட கடிதங்களில் வழக்கமான தபால்தலையோடு கூடுதலாக 5 பைசா அகதி நிவாரணத் தபால்தலை ஒட்ட வேண்டியிருந்தது. திருநெல்வேலியிலிருந்து தென்காசிக்குப் போன கடிதமும் வங்க அகதிக்கு 5 பைசா கொடுத்தது. கொடுத்தவரில் பலர் தாமே வறியவர்கள். அகதி முகாம்கள் இருந்ததோ நாட்டின் மறுகோடியில். ஒரே நாட்டார் என்ற அடிப்படையில் பார்த்தாலும் அந்த அகதிகள் இந்தியக் குடிமக்கள் இல்லை. இருந்தும் அந்தத் தபால்தலை 1973 வரை நீடித்தது.

சிங்கருக்கு எதிரான வாதங்களில் வலுவானது அறிவு சார்ந்தது. ‘பாத்திரம் அறிந்து பிச்சையிடு’ என்பார்கள். தூரத்திலிருந்து பாத்திரம் தெரியாது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் இது கண்கூடாகத் தெரிந்தது. 6,000க்கும் மேற்பட்டோர் மடிந்த நாகப்பட்டினம் மாவட்டத்தில், நல்ல மனத்தோடு லாரி லாரியாக அனுப்பப்பட்ட பழைய துணிகள் சாலையோரம் குவிந்து கிடந்தன. அங்குள்ள மீனவக் குடும்பங்கள் அவற்றைத் தொடவில்லை. வீட்டை இழந்தவருக்கும் மானம் உண்டு என்பதைத் தூரத்தில் இருந்தவர்கள் எண்ணிப்பார்க்கவில்லை. கட்டுமரம் இருந்த இடத்துக்கு ஃபைபர் படகுகள் வந்தன. பல ஊர்களில் இழந்ததைவிட அதிகமாகவே வந்தன. முதல் சில மணி நேரங்களில் உயிர்களைக் காப்பாற்றியவர்கள் அநேகமாக எல்லா இடங்களிலும் உள்ளூர்க்காரர்களே என்று பன்னாட்டு மதிப்பீட்டுக் குழுவும் பதிவு செய்தது.

அதே குழுவின் இன்னொரு கணக்கு, தூரத்து ஈகைக்கும் கண்பார்வை உண்டு, அது தொலைக்காட்சியின் பார்வை என்று காட்டியது. சுனாமியால் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் சுமார் 7,100 டாலர் திரண்டது. அதே ஆண்டு வங்கதேச வெள்ளத்தில் பாதிக்கப்பட்டவருக்குக் கிடைத்தது தலைக்கு 3 டாலர். சுனாமிக்கென்று வந்த பணம் தேவைக்கு மேல் போய்விட்டதைக் கண்ட ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ அமைப்பு, ஒரு வாரம் கடந்ததும் அந்த நிதிக்குப் பணம் வாங்குவதை நிறுத்தியது. நன்கொடை அமைப்புகளில் அரிதாகவே காணப்படும் நேர்மை அது.

இதை வைத்து அருகில் இருப்பவர் சரியாகக் கொடுப்பார் என்று முடிவுகட்ட முடியாது. அதே கடற்கரையில் நிவாரணப் பட்டியல்கள் பெரும்பாலும் மீனவர் ஊர்ப் பஞ்சாயத்துகள் வழியாகவே தயாராயின. கடலை நம்பிப் பிழைத்தும் மீனவச் சாதியில் பிறக்காத தலித் கூலிகளும் இருளர்களும் பல இடங்களில் பட்டியலுக்கு வெளியே நின்றார்கள். அவர்கள் முகாம்களில் ஒதுக்கிவைக்கப்பட்டதும் ஆய்வுக் குழுக்களால் பதிவானது. அருகாமை யார் பசித்திருக்கிறார் என்பதைத் தெரிவிக்கும். அவரை யாரும் பார்க்காமல் இருக்கவும் பழக்கும். பாப்லரைப் பார்க்காத வெஸ்ட்மின்ஸ்டரும் தொலைவில் இருக்கவில்லை. சேரியின் பசியை ஊர் பார்க்காமல் இருந்தது தொலைவால் அல்ல. தலித் குடும்பங்களைத் தேடிச் சென்ற உதவி சில இடங்களில் வெளியூர் அமைப்புகளிடமிருந்தே வந்தது. அவர்களுக்கு உள்ளூர்ச் சாதிக் கணக்கில் பங்கில்லை.

பொறுப்பும் பயனும்

பொறுப்பை முன்வைக்கும் வாதம் வேறு வகை. தத்துவவாதி ராபர்ட் குடின் 1988இல் எழுதிய கட்டுரையில், சக குடிமக்கள் மீதான கடமை என்பது உலகப் பொதுக்கடமையின் வேலைப் பங்கீடு என்று விளக்கினார். எந்த நோயாளிக்கு எந்த மருத்துவர் என்று ஒதுக்கினால் எல்லோருக்கும் சிகிச்சை ஒழுங்காகக் கிடைக்கும். அதுபோல ஒவ்வொரு அரசுக்கும் அதன் மக்கள் ஒதுக்கப்பட்டிருக்கிறார்கள். இந்த விளக்கத்தின் சிறப்பு, விதியின் எல்லையையும் அதுவே சொல்லிவிடுவது. அரசு இல்லாத அகதிக்கும், அரசு கையாலாகாத நாட்டின் குடிமகனுக்கும் மருத்துவரே ஒதுக்கப்படவில்லை. அவர்கள் எல்லோருடைய பொறுப்பாகவும் மிஞ்சுகிறார்கள்.

பொருளியல் நோபல் பெற்ற ஆங்கஸ் டீட்டன் வேறு திசையில் வந்து இதே இடத்தைத் தொட்டார். வெளிநாட்டு உதவியில் வாழும் அரசு தன் மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லாமல் போகிறது என்று 2013இல் எழுதினார். உலக அளவுகோலில் பார்த்தாலும் அமெரிக்காவில் 53 லட்சம் பேர் கடும் வறுமையில் இருப்பதாக 2018இல் கணக்கிட்டு, தொலைதூர ஏழைக்கே எப்போதும் முன்னுரிமை என்ற எண்ணத்தைக் கேள்விக்குள்ளாக்கினார். குளிரில் வீடின்றிக் கிடப்பவருக்கு வெப்பநாட்டு ஏழையைவிட அதிகம் தேவை என்ற அவரது வாதம் எளிதில் தள்ளிவிடக்கூடியதில்லை. ஆனால் அமெரிக்க வறுமைக் கணக்கெடுப்புகளை அரசு ஆவணங்களோடு ஒப்பிட்ட ஆய்வாளர்கள், ஒரு நாளைக்கு 2 டாலருக்கும் குறைவாக வாழ்வதாகக் கணக்கெடுப்பில் தெரிந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் உண்மையில் அந்த நிலையில் இல்லை என்று கண்டார்கள். உலகில் ஒரு நாளைக்கு 2.15 டாலருக்கும் குறைவாக வாழ்வோர் 2024இல் சுமார் 70 கோடி.

‘ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு’ என்ற அறிவுரை இங்கேதான் பொருந்துகிறது. ஒரே பணம் இடத்துக்கு இடம் வெவ்வேறு அளவு வேலை செய்கிறது. மலேரியாவைத் தடுக்கும் மருந்து தோய்த்த கொசுவலை ஒன்றின் விலை ஏறத்தாழ 5 டாலர். ஆப்பிரிக்காவில் அத்தகைய திட்டங்களின் மூலம் ஓர் உயிரைக் காக்கச் சில ஆயிரம் டாலர் ஆகும் என்று, 2007இல் தொடங்கப்பட்ட கிவ்வெல் அமைப்பு கணக்கிடுகிறது. செல்வ நாட்டு மருத்துவமனை ஒன்றில் அந்தத் தொகை சில நாளிலேயே கரைந்துவிடலாம். கென்யாவின் சியாயா வட்டாரத்தில் 653 கிராமங்களை உள்ளடக்கிய ஆய்வில், 10,500 ஏழைக் குடும்பங்களுக்குத் தலா சுமார் 1,000 டாலர் ரொக்கமாகத் தரப்பட்டது. ஒவ்வொரு டாலரும் உள்ளூர்ப் பொருளாதாரத்தில் ஏறத்தாழ 2.5 டாலராகப் பெருகியது. பணம் பெறாத பக்கத்து வீடுகளின் செலவழிக்கும் சக்தியும் உயர்ந்தது. தொலைவிலிருந்து வந்த பணத்தை அங்கே அண்டைவீட்டார் தமக்குள் சுழலவிட்டார்கள். கென்யாவில் அந்த ரொக்கத்தைத் தந்த தொண்டு அமைப்பு காங்கோவில் நடத்திய திட்டத்தில் உள்ளூர் ஊழியர்களின் மோசடியால் சுமார் 9 லட்சம் டாலர் களவுபோனதும் உண்மை. கண்காணிப்பு தூரத்தில் கடினம் என்பதை மறுக்க முடியாது. ஆனால் மோசடியை மறைக்காமல் அந்த அமைப்பே வெளியிட்டது.

எது அருகில் என்பதே சில சமயம் குழப்பம் தருகிறது. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர், அது வெளிநாடு. பாட்னா சுமார் 1,900 கிலோமீட்டர். அது சொந்த நாடு. 2022இல் இலங்கை பொருளாதார நெருக்கடியில் சிக்கியபோது, தமிழ்நாட்டு அரசு 40,000 டன் அரிசி, 500 டன் பால்பவுடர், உயிர்காக்கும் மருந்துகள் ஆகியவற்றை 123 கோடி ரூபாய் மதிப்பில் அனுப்ப முன்வந்தது. வெளியுறவு மத்திய அரசின் கையில் இருப்பதால் அனுமதி கேட்டு ஏப்ரல் 29 அன்று சட்டமன்றம் தீர்மானம் போட வேண்டியிருந்தது. தொடக்கத்தில் இலங்கைத் தமிழருக்கு உதவுவதே எண்ணமாக இருந்தது. அங்குள்ள தமிழ்த் தலைவர்கள் எங்களுக்கென்று தனியாக வேண்டாம், எல்லா மக்களுக்கும் பொதுவாகத் தாருங்கள் என்று கேட்டுக்கொண்டதை முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அவையில் தெரிவித்தார். மே 18 அன்று சென்னையிலிருந்து கிளம்பிய முதல் கப்பலில் இருந்த 9,000 டன் அரிசி, இலங்கை மக்கள் அனைவருக்குமானது.

அரசுகள் தரும் உதவியில் ‘நம்மவர் முதலில்’ என்ற முழக்கம் இப்போது உரக்கக் கேட்கிறது. நாட்டு வருமானத்தில் 0.7 சதவீதத்தைச் செல்வ நாடுகள் உதவியாகத் தர வேண்டும் என்று ஐ.நா. பொதுச்சபை தீர்மானித்தது 1970இல். பிரிட்டன் அதை 2013இல் எட்டியது, 2015இல் சட்டமாக்கியது, 2021இல் 0.5 ஆகக் குறைத்தது; 2027க்குள் 0.3 ஆக்கப்போவதாக 2025 பிப்ரவரியில் அறிவித்தது. மிச்சமாகும் பணம் பாதுகாப்புத் துறைக்குப் போகும் என்று அரசே சொன்னது. பாப்லர் போன்ற பகுதிகளின் வாடகைக்கோ பள்ளிச் சாப்பாட்டுக்கோ அது ஒதுக்கப்படவில்லை. அதற்கு முன்பும் பிரிட்டனின் உதவித் தொகையில் கால்பங்குக்கு மேல் 2023இல் பிரிட்டனுக்குள்ளேயே, அகதிகளின் தங்கும் செலவுக்குப் போயிற்று. அமெரிக்கா 1961 முதல் இயங்கிவந்த யு.எஸ்.எய்ட் அமைப்பின் பணிகளை 2025 ஜூலையில் நிறுத்தியது. தம் அரசின் செலவில் கால்பங்கு வெளிநாட்டு உதவிக்குப் போவதாக அமெரிக்கர்கள் கருத்துக் கணிப்புகளில் சராசரியாகச் சொல்வதுண்டு; உண்மை அளவு சுமார் 1 சதவீதம். அண்டையாரின் தட்டிலிருந்து எடுத்துத் தொலைவில் இருப்பவருக்குப் போடுகிறார்கள் என்ற குறை, இந்த அளவுகளைப் பார்த்தால் நிற்பதில்லை. செல்வ நாடுகள் 2024இல் தந்த மொத்த உதவி அவற்றின் வருமானத்தில் 0.33 சதவீதம், 0.7 என்பது இன்னும் தீர்மானம் மட்டுமே, மீறினால் யாரும் யாரிடமும் வசூலிக்க முடியாது. லண்டன் நகராட்சிகளிடையே 1921இல் சட்டம் விரிவாக்கிய பொதுநிதிக்கு நிகரான ஒன்று நாடுகளிடையே இதுவரை இல்லை.